வாசகர் கேள்வி–பதில்: கரடிகள் வாழும் வட திசை வீதியில்

கேள்வி: என் அண்ணன் குடும்பத்துடன் ரொறன்ரோவில் வசிக்கிறார். அடுத்த ஆண்டு நான் அங்கு செல்லும்போது, கனடாவின் வடமேற்கிலுள்ள யூக்கொன் பிரதேசத்தின் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை வழியே ஆர்க்டிக் கடல் வரை வாகனத்தில் சென்று, இடையிடையே மலைகளில் நடந்து, காட்டு விலங்குகளையும் பார்த்து வர எண்ணியுள்ளோம். உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுவழியே நடந்த பழக்கம் எனக்கு உண்டு. பத்து நாள் விடுமுறை போதுமா? எந்த மாதம் உகந்தது? கரடிகளுக்கு அஞ்ச வேண்டுமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: கடல் வரை செல்லும் எண்ணத்தைக் கைவிட்டால் பத்து நாள் தாராளமாகப் போதும். ரொறன்ரோவிலிருந்து வைற்ஹோர்ஸ் நகருக்குத் தரைவழியே 5,000 கிலோமீற்றருக்கும் மேல் என்பதால், அதுவரை விமானத்தில் போய்விடுங்கள். அங்கிருந்து டோசன் நகர் ஏறத்தாழ 530 கி.மீ. தொலைவில் உள்ளது, டோசனை அடைய 40 கி.மீ. இருக்கும்போதே டெம்ப்ஸ்டர் வீதி வடக்கே பிரிகிறது. அந்தச் சந்தியிலிருந்து வடக்கேயுள்ள இனுவிக் நகர் வரை சுமார் 740 கி.மீ. தூரம், பெரும்பாலும் கிறவல் வீதிதான். 2017 நவம்பரில் திறக்கப்பட்ட வீதியால் துக்தோயக்துக் கடற்கரைக்கு மேலும் 140 கி.மீ. அளவில் ஓட வேண்டும். இடையே பீல், மக்கென்சி ஆகிய இரு ஆறுகளையும் வாகனத்தோடு பாதைப் படகில் ஏறிக் கடந்து, பின்னர் வந்த வழியாலேயே திரும்ப வேண்டும். அப்படிச் செய்தால் உங்கள் விடுமுறையின் பெரும்பகுதி வாகனத்துக்குள்ளேயே கழிந்துவிடும். நடப்பதற்கு நாள் மிஞ்சாது.

நான் சொல்வது இதுதான்: சந்தியிலிருந்து 71ஆவது கிலோமீற்றரில் டூம்ஸ்டோன் பூங்காவின் தகவல் நிலையம் இருக்கிறது. அதற்கு அருகிலுள்ள முகாம் திடலில் கூடாரமடித்து, நான்கைந்து நாள் அங்கேயே தங்குங்கள். கருங்கல் கூர்முனைகளாக எழுந்து நிற்கும் அந்த மலைகளில், கோல்டன்சைட்ஸ் போன்ற அரை நாள் வழிகளும் உண்டு. போக மட்டும் 11 கி.மீ. நடக்க வேண்டிய கிரிஸ்லி ஏரி வழியும் உண்டு. ஏரிக்கரையில் இரவு தங்குவதற்கு முன்பதிவு அவசியம். ஒரு நாளை ஒதுக்கி வடக்கே ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஓகஸ்ட் கடைசி வாரத்துக்கு ஈடில்லை. ஜூனிலும் ஜூலையிலும் நுளம்புத் தொல்லை பொறுக்க முடியாது. ஓகஸ்ட் இறுதியில் அது தணிந்திருப்பதோடு, முழங்காலளவே வளரும் குட்டை பேர்ச் செடிகளும் தரையோடு படரும் கொடிகளும் சிவந்து, மலைச்சரிவு முழுவதும் நிறம் மாறியிருக்கும். இரவும் இருட்டத் தொடங்கியிருப்பதால், வானம் தெளிந்திருந்தால் வடதுருவ ஒளியைக் காணும் வாய்ப்பும் உண்டு. ஆனால் பனி விழவும் கூடும். கம்பளி உடையும் மழைச்சட்டையும் இல்லாமல் போக வேண்டாம்.

விலங்கு பார்ப்பதில் நம்மூர்ப் பழக்கத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். கூமுனையிலோ கல்லோயாவிலோ நீர்நிலையைத் தேடிப் போனால் யானை நிற்கும். அங்கே நீருக்குக் குறைவில்லாததால் விலங்குகள் பரந்து திரிகின்றன. ஆகவே வீதியோரம் பாதுகாப்பான இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தொலைநோக்கியால் சரிவுகளை மெல்ல மெல்லத் துழாவ வேண்டும். உயரத்தில் அசையும் வெள்ளைப் புள்ளிகள் டோல் காட்டுச் செம்மறிகளாக இருக்கலாம். தோளில் திமில்போல் புடைத்திருந்தால் அது கிரிஸ்லி கரடி. பாறைக் குவியலின் இடுக்குகளில் பிக்கா என்னும் சிறு பிராணி குளிர்காலத்துக்காகப் புல்லை அறுத்துச் சேர்த்து வைப்பதையும் காணலாம். கரிபூ எனப்படும் துருவ மான்களின் போர்க்குப்பைன் மந்தையில் 2017ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் இருந்தன; அவை கோடையில் வடக்கே கடலோரப் பக்கம் இருந்துவிட்டு, இலையுதிர் காலத்தில்தான் இவ்வீதிப் பக்கம் இறங்கும். ஒன்றிரண்டு முந்தி வந்து உங்கள் அருகே கடந்தால் காதைக் கொடுத்துக் கேளுங்கள்: ஒவ்வோர் அடிக்கும் அவற்றின் காலில் தசைநாண் எலும்பில் உரசி 'டிக்' என்று ஒலிக்கும்.

கரடிக்கு அஞ்சத் தேவையில்லை. ஆனால் அசட்டை கூடாது. எதிர்பாராமல் அருகில் போய் நிற்பதே பெரும்பாலும் ஆபத்து. நம் காட்டுக் கரடியும் அப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பாதயாத்திரையில் 'அரோகரா' சொல்லிக்கொண்டு நடந்தது போலவே அங்கும், குறிப்பாகப் புதர் மண்டிய வளைவுகளிலும் ஆற்றோரத்திலும், உரத்த குரலில் கதைத்தபடி கூட்டமாக நடவுங்கள். கண்டால் ஓடக் கூடாது. குறைந்தது 100 மீற்றர் விலகி இருங்கள். கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பானை விமானத்தில் கொண்டுபோக முடியாது, வைற்ஹோர்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள். சமைத்த உணவு, கருவாடு, பற்பசை என மணக்கும் எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். மனிதரின் உணவை ஒருமுறை ருசித்த கரடி மீண்டும் மீண்டும் மனிதரைத் தேடி வரும். கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல நேரிடும். உங்கள் உயிரைப் போலவே அதன் உயிரையும் எண்ணித்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணனின் வாடகைக் காரை நானும் ஓட்டலாமா? வீதி எப்படி?
– அதே வாசகி

பதில்: சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை இங்கேயே பெற்றுச் செல்லுங்கள். அங்கே வலப்பக்கமாக ஓட்ட வேண்டும் என்பதால் முதல் நாள் அண்ணனே ஓட்டட்டும். கிறவல் வீதியில் ஓட அனுமதிக்காத வாடகை நிறுவனங்கள் பல. முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உறைநிலம், அதாவது ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் அடிநிலம், உருகாதிருக்க வீதியைத் தடித்த கிறவல் படுகையின் மேல் உயர்த்தி அமைத்திருக்கிறார்கள்; ஓரம் மென்மையானது, கூர்க்கற்கள் ரயரைக் கிழிக்கும். மேலதிக ரயர் இரண்டு வேண்டும். டோசனில் எரிபொருளை நிரப்பினால், அடுத்த நிலையம் சந்தியிலிருந்து 369ஆவது கிலோமீற்றரில் உள்ள ஈகிள் பிளெயின்ஸில்தான். வீதியின் பெரும்பகுதியில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. செய்மதித் தொடர்புக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து, திரும்பும் நாளை அண்ணியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.