ஈசனார் முனிவு: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கடலூர் தேவனாம்பட்டினத்தில் பிறந்தவள். இப்போது புதுச்சேரியில் வசிக்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று, மணலில் விளையாடிக்கொண்டிருந்த என் தம்பியை அலை கொண்டுபோனது. அவனுக்கு ஆறு வயது. துக்கம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், "சாமிக்குக் கோபம், அதான் இப்படி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். தான் செய்த எந்தத் தப்புக்காகப் பிள்ளை போனான் என்று அம்மா இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார். சிறுவயதில் ஆயா என்னைச் சிங்கிரிகுடிக்கு அழைத்துப்போய், பதினாறு கைகளோடு இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரைக் காட்டி, "கும்பிட்டுக்கோ" என்பார். கோபம் கொள்ளும் கடவுள் நல்லவராக இருக்க முடியுமா? நல்லவர் என்றால் அந்தக் கோபம் பொய்யா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

உங்கள் உறவினர் சொன்னது தவறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கடவுளுக்குக் கோபமே கிடையாது என்று சொல்லி அவரை மறுக்க நான் விரும்பவில்லை. அப்படி மறுத்தால், உங்கள் ஆயா கைகூப்பி நின்ற சந்நிதிக்கும், சிவன் முப்புரம் என்னும் அசுரர்களின் மூன்று கோட்டைகளை எரித்த தலமாகப் போற்றப்படும் திருவதிகை வீரட்டானத்துக்கும் நம்மிடம் பதில் இருக்காது. இறைவனின் சினத்தையே கொண்டாடும் கோயில்கள் இவை. அங்கே போய்வரும் மக்கள் இறைவனைக் கொடியவன் என்று நினைத்துக் கும்பிடுவதில்லை.

நரசிம்மரின் சினத்துக்கு முன்னால் நடந்தது என்ன என்று பாருங்கள். ஒரு தகப்பன் தான் பெற்ற பிள்ளைக்கு நஞ்சு கொடுக்கிறான், யானையை ஏவுகிறான், மலையிலிருந்து உருட்டிவிடச் செய்கிறான். இவ்வளவையும் பார்த்துக்கொண்டு முகம் மாறாமல் வீற்றிருக்கும் ஒரு தெய்வத்தை நல்ல தெய்வம் என்று நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? நான் ஏற்கமாட்டேன். எளியவன் துன்புறுத்தப்படும்போது சினம் பிறக்காத நன்மையை நன்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சினம் தணியாமல் நின்றபோது திருமகளே அருகில் செல்லத் தயங்கினாள் என்றும், பிரகலாதன் அஞ்சாமல் போய் வணங்க, இறைவன் அவன் தலைமேல் கைவைத்தான் என்றும் பாகவதம் சொல்கிறது. இரணியனைக் கிழித்த அந்தக் கையிடம் குழந்தைக்குப் பயமில்லை.

திருவதிகைக் கதையிலும் இதுதான் இருக்கிறது. முப்புரம் எரிந்தபோது பிழைத்த அசுரர் மூவரில் இருவரை இறைவன் தன் கோயில் வாயிலுக்குக் காவலாக வைத்தான், ஒருவனைத் தன் ஆடலுக்கு முழவு வாசிக்க வைத்தான் என்று சுந்தரர் திருப்புன்கூர்ப் பதிகத்தில் பாடுகிறார். திருமூலர் இன்னும் கடுமையானவர்: முப்புரம் என்பது ஊர்களைக் குறிப்பதாக நினைப்பவர்களை மூடர்கள் என்றே சொல்லி, "முப்புரமாவது மும்மல காரியம்" என்கிறார். மும்மலம் என்பது உயிரைப் பிணித்திருக்கும் ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று அழுக்குகள். அழிந்தது அந்த அழுக்கு, உயிர் அழியவில்லை. வைணவ மரபிலும் இரணியன் முன்பு வைகுந்தத்தின் வாயில் காத்தவன். பிறவிகள் தீர்ந்ததும் அதே வாயிலுக்குத் திரும்புகிறவன். பகைவனையும் தன் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்துகிற சினத்தை வெறுப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

இதைச் சாத்திரமாக எழுதிவைத்தவர் நம் பக்கத்துக்காரர். பண்ருட்டியை அடுத்த திருத்துறையூரைச் சேர்ந்த அருள்நந்தி சிவாசாரியார், 13ஆம் நூற்றாண்டில், சிவஞான சித்தியாரில் "நிக்கிரகங்கள் தானும் நேசத்தால் ஈசன் செய்வது" என்கிறார், அதாவது தண்டிப்பதும் அன்பினால்தான். சொல் கேளாத பிள்ளையைத் தாய் தந்தையர் வளாரால் (மெல்லிய குச்சியால்) அடிப்பதும் கட்டிப்போடுவதும் பரிவினால்தான், ஈசனார் முனிவும், அதாவது சினமும், அத்தகையது என்பது அவர் வாதம். இன்று பிள்ளையை அடிப்பதை நாம் பரிவு என்று எளிதில் ஒப்பமாட்டோம். அந்தத் தயக்கம் எனக்கும் உண்டு. ஆனாலும் அவர் வகுத்த அளவுகோல் மிகக் கண்டிப்பானது. முனிவு என்றால் முதலில் குற்றம் ஒன்று இருக்க வேண்டும். பிறகு அந்தக் குற்றம் தீர்ந்து நலம் பெற ஓர் ஆள் இருக்க வேண்டும்.

உங்கள் தம்பியை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். மணலில் விளையாடிய ஆறு வயதுப் பிள்ளையிடம் தீர்க்க வேண்டிய குற்றம் எது? அம்மாவின் தப்புக்கு இறைவன் பிள்ளையை எடுத்துக்கொண்டான் என்றால், அப்படிச் செய்பவன் பிரகலாதனின் பக்கம் நின்றவனாக இருக்க முடியாது. இரணியனின் பக்கம் நிற்பவனாகத்தான் இருக்க வேண்டும். அன்று காலை 6.30 மணியளவில் சுமத்ரா அருகே கடலடியில் நிலத்தட்டு பெயர்ந்தது. அதில் எழுந்த அலை இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு நம் கரையை அடைந்தது. குற்றவாளி யார், குழந்தை யார் என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காத ஒன்றுக்கு இறைவனின் முனிவு என்று பெயரிட நம் சாத்திரத்தில் இடமில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைச் சுட்டி, மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொன்னது லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆறுதல் சொல்லப் போகிறவர்கள், எந்தச் சமயத்தவரானாலும், அதைப் படித்துவிட்டுப் போகலாம்.

நோயை இறைவனின் பிடியாகச் சொன்னவர் நம் மரபில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அப்பர் இருக்கிறார். சூலை நோய் என்னும் வயிற்று வலி தந்து அவரை ஆட்கொள்வேன் என்று அவருடைய தமக்கை திலகவதியாரின் கனவில் ஈசன் சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறது. ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திருவதிகையில் விழுந்த அப்பரிடம் திலகவதியார், "உன் பாவம் உன்னைப் பிடித்தது" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருநீறு கொடுத்து உள்ளே அழைத்துப் போனார். "கொடுமைபல செய்தன நான் அறியேன்" என்று பாடியவர் நோயாளியே. தன் துன்பத்தில் இறைவனின் கையை ஒருவர் தாமே கண்டு சொல்லலாம். அடுத்தவர் துன்பத்துக்கு அப்படிப் பொருள் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

அப்படியானால் தம்பி ஏன் போனான் என்று கேட்பீர்கள். வினைப்பயன் என்று நூல்கள் சொல்லும். ஒரு குழந்தையின் பிணத்துக்கு முன்னால் அந்தச் சொல்லை எடுக்க எனக்கு நா எழாது, உங்களுக்கும் அதை எழுதமாட்டேன். அம்மாவுக்குக் கூற்றாயினவாறு பதிகத்தைப் படித்துக் காட்டுங்கள். அதில் அப்பர் தன் குற்றம் எது என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. ஆற்றமுடியவில்லை, விலக்கு என்று இறைவனிடமே முறையிடுகிறார். அம்மாவும் அப்படி முறையிடலாம், கோபித்துக்கொண்டும் கேட்கலாம்.

அன்புடன்.