சர்வர் அவர்களுடையது, பொறுப்பு யாருடையது?

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் புடவைக் கடை வைத்திருக்கிறேன். உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் 1,800 பேரின் பெயர், கைபேசி எண், பிறந்தநாள், வாங்கிய புடவை விவரம் எல்லாம் பில்லிங் மென்பொருள் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. ஊழியர்கள் 6 பேரின் சம்பளம், வங்கிக் கணக்கு எண்ணும் அதில்தான். யாரோ உள்ளே புகுந்து அத்தனையையும் நகலெடுத்துவிட்டதாகப் போன வாரம் அந்த நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியது. ‘நாங்கள் பொறுப்பல்ல’ என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. தீபாவளி நெருங்குகிறது. வெளியே தெரிந்தால் கடையின் பெயர் கெட்டுவிடும். பேசாமல் இருந்துவிடலாமா?

பதில்: முடியாது. அந்த ஒப்பந்த வரி உங்கள் இருவருக்குள் மட்டும்தான் செல்லும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களுக்காக இன்னொருவர் வைத்திருக்கும் தகவலுக்கும் நீங்களே பொறுப்பு. 2018ல் சிங்ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமத்தில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டபோது, கணினிகளைக் கவனித்துவந்த நிறுவனத்துக்கு 750,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளி என இரு தரப்புக்குமே அபராதம் விழுந்தது.

2021 பிப்ரவரியிலிருந்து, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்க வேண்டிய கசிவுதான் என்று நீங்கள் முடிவுக்கு வந்ததிலிருந்து 3 நாள்தான் கெடு. சனி, ஞாயிறும் அதில் சேரும். அதை ஆராய ஆணையம் பொதுவாக 30 நாள் தருகிறது. ஆனால் ‘அத்தனையும் போய்விட்டது’ என்று மின்னஞ்சலே சொல்லும்போது ஆராய என்ன இருக்கிறது? இன்றே தெரிவியுங்கள்.

நீங்கள் வாடிக்கையாளர்களை நினைத்துப் பதறுகிறீர்கள். சட்டமோ முதலில் அந்த 6 ஊழியர்களைத்தான் பார்க்கிறது. பெயரோடு சம்பளமோ வங்கிக் கணக்கு எண்ணோ சேர்ந்து கசிந்தால் பெரும் பாதிப்பு என்றே கணக்கு. ஒருவருடையது என்றாலும் ஆணையத்துக்கும் அவருக்கும் சொல்ல வேண்டும். தகவல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் ஊழியர்களிடம் சொல்வதில் விலக்கு கிடைக்கலாம். அதை மென்பொருள் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். எப்போது புகுந்தார்கள், எந்த வழியாக என்றும் கேளுங்கள். சர்வர் பதிவுகளை அழிக்கக் கூடாது என்று அதே கடிதத்தில் எழுதுங்கள். காவல்துறையிலும் புகார் கொடுத்துவிடுங்கள்.

பெயர், கைபேசி எண், பிறந்தநாள் மட்டும் கசிந்தால் அது அந்தப் பெரும் பாதிப்புக் கணக்கில் வராது. ஆகவே வாடிக்கையாளர்களிடம் சொல்வது கட்டாயமில்லை. ஆனாலும் சொல்லுங்கள் என்பேன். ‘அக்கா, போன பொங்கலுக்குப் பச்சைப் பட்டு எடுத்தீங்களே, பிறந்தநாள் பரிசு வந்திருக்கு’ என்று உங்கள் கடைப் பெயரில் ஒருவன் பேசினால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஏமாந்த பிறகு உங்களுக்கு முன்பே தெரியும் என்று அறிந்தால் அவர் கடைப் பக்கம் வருவாரா? வாட்ஸ்அப்பில் நாலு வரி போதும்: என்ன கசிந்தது, என்ன கசியவில்லை, கடையிலிருந்து பணமோ ஓடிபியோ கேட்கமாட்டோம், சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம். லிங்க் எதுவும் வைக்காதீர்கள், அதையே மோசடிக்காரன் காப்பியடிப்பான்.

உங்கள் அளவு கடைக்கு அபராத உச்சவரம்பு ஒரு மில்லியன் வெள்ளி. பயப்படாதீர்கள், அது உச்சவரம்புதான். பாதிப்பைக் குறைக்க உடனே என்ன செய்தீர்கள் என்பதையும் ஆணையம் பார்க்கும்.

அப்புறம், தகவல் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரை நியமித்திருக்கிறீர்களா? சின்னக் கடைக்கும் அது கட்டாயம், நீங்களே இருக்கலாம். ஆணையம் கண்டிப்பாகக் கேட்கும். மென்பொருள் நிறுவனத்திடம் நஷ்ட ஈடு கேட்பது தனி விஷயம்; ஒப்பந்தத்தின் முழு நகலை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.