செவ்வரத்தைப்பூ தின்ற பூனை வாந்தியெடுக்கிறது

செவ்வரத்தைப்பூவைத் தின்றதால்தான் உங்கள் பூனை வாந்தியெடுக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். செவ்வரத்தை (செம்பருத்தி) பூனைக்கு நஞ்சன்று. மிகுதியாகத் தின்றால் வயிற்றைக் குழப்பலாமே தவிர, நீங்கள் எழுதியதுபோல் நேற்றிரவிலிருந்து நான்கு முறை வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடப்பதற்கு அது போதிய காரணமாகத் தெரியவில்லை.

திருகோணமலை உப்புவெளிப் பக்கத்து வளவு என்கிறீர்கள். வேலியோரம் அலரி நிற்கிறதா? எனது ஐயம் அதன்மீதுதான். மஞ்சள் அலரியாயினும் செவ்வலரியாயினும் இலை, பூ, விதை அனைத்தும் இதயத்தைத் தாக்கும்.

கையுறை அணிந்து, வாந்தியிலுள்ள இலைத்துண்டைக் கழுவிப் பாருங்கள். செவ்வரத்தை இலையின் விளிம்பு பல்பல்லாக இருக்கும். அலரியிலை ஒடுங்கி நீண்டு, வெட்டில்லாத விளிம்புடன் இருக்கும்.

துண்டு அகப்படவில்லை என்பதற்காக நஞ்சில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வாந்தியெடுக்க வைப்பதற்கென உப்புநீர் பருக்காமல், ஐயத்துக்குரிய செடியின் கிளையொன்றுடன் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். வீட்டுப் பூச்சாடியில் லில்லி இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.