கோச்சியில் எட்டு மணித்தியாலம்

வணக்கம் ஐயா,

எனக்குக் களுவாஞ்சிகுடி. கொழும்பில் வேலை. மாதம் ஒருமுறை உதயதேவிக் கோச்சியில் வந்து போகிறேன். ஒரு பக்கப் பயணமே எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. போனில் படம் பார்த்தால் வெலிகந்தை வருமுன் கண் எரிகிறது, காட்டுப் பக்கம் சிக்னலும் இல்லை. புத்தகத்தை விரித்தால் நித்திரை வருகிறது. நேரத்தைப் போக்க என்னதான் செய்வது? கொண்டுபோக நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

ச., களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

புத்தகம் கிடக்கட்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ஏறத்தாழ 350 கிலோமீற்றர். மாதாமாதம் அவ்வளவு தூரம் போய்வருகிறீர்கள், வழியில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. எந்த இடத்தில் போகிறோம் என்று தெரியாமல் இருந்தால் எந்தப் பயணமும் நீளமாகத்தான் இருக்கும்.

புணானையைப் பாருங்கள். வாழைச்சேனை கழிந்து காடு தொடங்கியதும் வருகிற சின்ன ஸ்டேஷன். பெரும்பாலானவர்கள் யன்னலால் எட்டியும் பார்ப்பதில்லை. 1920களில் அந்தப் பக்கத்துக் காட்டில் ஒரு சிறுத்தை மனிதர்களை அடித்துத் தின்னத் தொடங்கியது. பலர் பலியானார்கள். 1924இல்தான் அதைச் சுட்டார்கள். பாடம் செய்த அதன் உடலைக் கொழும்புத் தேசிய நூதனசாலையில் வைத்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு புணானையைக் கடக்கும்போது எனக்கு நித்திரை வந்ததே இல்லை. அந்தக் காலத்தில் இந்தக் காட்டுக்குள்ளால் மாட்டு வண்டிலில் போனவர்களை நினைத்துக்கொண்டே இருப்பேன்.

அப்புறம் மன்னம்பிட்டி. முன்பு அங்கே மகாவலிக்கு மேலே இருந்த இரும்புப் பாலம் ஒன்றுதான். கோச்சியும் அதில்தான், பஸ், லொறியும் அதில்தான். கோச்சி வருகிறதென்றால் இரண்டு கரையிலும் வாகனங்கள் வரிசையாக நிற்கும். உங்கள் அப்பாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். 2007இல் வாகனங்களுக்குத் தனிப் பாலம் திறந்தார்கள். இப்போது பழைய பாலம் கோச்சிக்கு மட்டும்தான். மாரியில் ஒருதரம், கோடையில் ஒருதரம் அதிலிருந்து ஆற்றைப் பாருங்கள். ஒரே ஆறு என்று நம்புவது கஷ்டம்.

கல்லோயாவில் திருகோணமலைப் பாதை பிரியும். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிர்க் கோச்சி வரும்வரை சில இடங்களில் காத்துக் கிடக்க நேரும், அதற்குச் சலித்துக்கொள்ள வேண்டாம். கலாவெவ ஸ்டேஷன் வரும்போது மட்டும் முழித்திருங்கள். பக்கத்தில் உள்ள கலாவெவக் குளத்தை 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டினான். அங்கிருந்து அநுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய் சுமார் 87 கிலோமீற்றர். அதன் முதல் பகுதியில் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம்தான். வயற்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வயல் வரவைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்குள்ளேயே நமக்கு எத்தனை பாடு!

அடுத்தது, பக்கத்தில் இருப்பவரோடு கதையுங்கள். ஒருமுறை வாழைச்சேனையில் ஏறிய முதியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். அங்குள்ள கடதாசி ஆலையில் வேலை செய்தவராம். வைக்கோலை அவித்துக் கூழாக்கிக் கடதாசி செய்ததைப் பொலன்னறுவை வரை சொல்லிக்கொண்டு வந்தார். என் கையில் இருந்த கொப்பியை வாங்கி, ஒரு தாளை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உரசிப் பார்த்தார். “இது மரக்கூழ், மகன். வைக்கோல் தாள் என்றால் மடிக்கும்போது சத்தம் கேட்கும்” என்றார். போன் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் அந்த மனிதர் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பார். ஏறியதும் “எங்க போறீங்க?” என்று கேளுங்கள், போதும். கச்சான் பை ஒன்றையும் நீட்டினால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இரவுக் கோச்சியில் யன்னலுக்கு வெளியே இருட்டுத்தான். சரி, அப்போது நித்திரை கொள்ளுங்கள். ஹபரணைப் பக்கம் கோச்சி மெதுவாகப் போனால் மட்டும் ஓட்டுநரைத் திட்ட வேண்டாம். அது யானைகள் தண்டவாளத்தைக் கடக்கிற இடம். 2025 பெப்ரவரியில் விடியுமுன் மட்டக்களப்பிலிருந்து போன கோச்சி ஒன்று அங்கே யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. பயணிகள் தப்பினார்கள், யானைகள் செத்தன. அந்த இடத்தில் அரை மணித்தியாலம் பிந்தினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

புத்தகம் கேட்டீர்கள். கோச்சி ஆட்டத்தில் நாவல் சரிவராது. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே முடிகிற சிறுகதைகளை எடுத்துப் போங்கள். கொழும்பில் ஒரு லீவு நாளில் நூதனசாலைக்குப் போய் அந்தச் சிறுத்தையை விசாரியுங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.