டிரிபிள் நெகட்டிவ்: அம்மாவுக்கு கீமோ கட்டாயமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. இடது மார்பில் காம்பை ஒட்டி ஒரு கட்டி, தொட்டாலே வலிக்கிறது. பயாப்ஸியில் 'அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா, டிரிபிள் நெகட்டிவ்' என்று வந்திருக்கிறது. நெட்டில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அம்மாவோ வைத்தியமே வேண்டாம், திருநெல்வேலிக்குப் போய்விடுகிறேன் என்கிறார். கீமோ கட்டாயமா? பிழைத்துவிடுவாரா?

பதில்: முதலில் நெட்டை மூடுங்கள். கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்ற புரதம் மூன்றுமே நெகட்டிவ் என்று வந்தால் டிரிபிள் நெகட்டிவ், அவ்வளவுதான். அப்படி வரும் கட்டிகளில் பெரும்பாலானவை முரட்டுத்தனமானவை என்பதால் கட்டுரைகளும் பயமுறுத்தியே எழுதப்படுகின்றன, ஆனால் அம்மாவுக்கு வந்திருப்பது அந்தக் கூட்டத்தில் சேராதது. வழக்கமாக உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் புற்று, ஆயிரம் மார்பகப் புற்றில் ஒன்றுகூட இப்படி இருக்காது. மெதுவாக வளரும், அக்குள் நிணநீர்க் கணுக்களுக்கு அபூர்வமாகத்தான் பரவும். 10 ஆண்டு தாண்டி உயிரோடு இருப்பவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல்.

கீமோ? இந்தப் புற்றின் வழக்கமான வகையாக இருந்து, கணுக்களும் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. கட்டியைச் சுற்றிலும் நல்ல திசு விட்டு எடுத்து, மார்பைக் காப்பாற்றி, பிறகு ரேடியேஷன் கொடுப்பதுதான் பொதுவான வழி. ஹார்மோன் மாத்திரையால் இதில் பயனில்லை.

ஒரு 'ஆனால்' உண்டு. இதிலேயே 'சாலிட் பேசலாய்டு' என்றொரு வகை இருக்கிறது, அது கொஞ்சம் மோசம், அதற்குத்தான் கீமோ பேச்சு எழும். அது எது என்று பார்க்க, அபூர்வக் கட்டிகளைப் பார்த்துப் பழகிய பெத்தாலஜிஸ்ட் (திசுவைப் பரிசோதிக்கும் டாக்டர்) வேண்டும். பயாப்ஸி செய்த லேபில் ஸ்லைடோடு மெழுகு பிளாக்கையும் கேளுங்கள் (எடுத்த திசுவை மெழுகில் பதித்தது, நம்பர் போட்ட சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும், தயங்கினாலும் விடாதீர்கள், கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு). உங்களுக்குப் பக்கத்திலேயே பரேலில் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே கொடுத்து மறுபார்வை வாங்குங்கள். அது வரும்வரை கீமோவுக்குத் தேதி குறிக்க வேண்டாம். அதற்காக மாதக்கணக்கில் இழுக்கவும் கூடாது.

அம்மாவிடம் சொல்லுங்கள், ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிந்ததும் தாராளமாகத் திருநெல்வேலி போகலாம். ஆனால் இந்த நோய் 10 வருஷம் கழித்துக்கூட நுரையீரலில் தலைகாட்டலாம், அதனால் ஐந்து வருஷம் ஆச்சு, சரியாகிவிட்டது என்று செக்கப்பை நிறுத்தக் கூடாது. ஃபைலையும் பிளாக்கையும் கையோடு கொடுத்தனுப்புங்கள், அங்கே பார்க்கும் டாக்டருக்கு முதலில் வேண்டியது அவைதான்.