விலங்கியல் டீச்சர் வரைந்த தொடுகோடு

போன இதழில் பள்ளிக்கூட டைம் டேபிளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான், கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. ஆசிரியர் படித்த பாடம் ஒன்று, வகுப்பில் எடுக்கச் சொல்வது இன்னொன்று என்பதுதான் எல்லாவற்றிலும் புலம்பல். நம்ம குமரி மாவட்டத்துக் கடிதங்களாக ஐந்தை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். படித்தது எம்.எஸ்சி. விலங்கியல், பி.எட். பன்னிரண்டு வருடமாக அறிவியல் எடுக்கிறேன். மே 31-ஆம் தேதி எங்கள் கணக்கு சார் ரிட்டயர்டு ஆனார். புது ஆள் வரும்வரை கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிப் பத்தாம் வகுப்புக் கணக்கை ஹெச்.எம். என் தலையில் கட்டினார். அந்தக் கொஞ்ச நாள் இப்போது மூன்று மாதம். ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பத்தரை மணிக்கு உட்கார்ந்து மறுநாள் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். போன வாரம் வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரைவதைப் பலகையில் காட்டினேன். எல்லாப் படியும் சரியாகத்தான் வந்தது. கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "டீச்சர், அந்த ரெண்டாவது வட்டம் எதுக்கு? ஸ்கேல ஒட்டுனாப்ல வச்சு ஒரு கோடு இழுத்தா போதாதா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. "புத்தகத்துல அப்படித்தான் இருக்கு, இரி மக்கா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இனி எடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?
பெயர் வேண்டாம், தக்கலை பக்கம்

பதில்: டீச்சர், அழுதது இருக்கட்டும், முதலில் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லிவிடுவோம். எனக்கும் இது தெரியாது, நான் தமிழ் வாத்தியார். எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு சார் ஒருவர் இருக்கிறார், உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். திண்ணையிலேயே சாக்பீஸால் வரைந்து காட்டினார். தொடும் இடத்தில் ஆரமும் தொடுகோடும் செங்கோணமாக நிற்க வேண்டும். ஸ்கேலை ஒட்டி இழுத்தால் பார்வைக்குத் தொடுகோடுதான், ஆனால் எந்தப் புள்ளியில் தொடுகிறது என்று சத்தியம் பண்ண முடியாது. இரண்டாவது வட்டம் அதற்குத்தான். வட்டத்தின் மையத்தையும் வெளிப்புள்ளியையும் இணைக்கிற கோடு இந்த இரண்டாவது வட்டத்துக்கு விட்டம். அரைவட்டத்தில் அமையும் கோணம் எப்போதும் செங்கோணம், ஆகவே இரண்டு வட்டமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நமக்கு வேண்டிய செங்கோணம் தானாக வந்து விழுந்துவிடும். மையக்குத்துக்கோடு போடுவது அந்த விட்டத்தின் நடுவைக் கண்டுபிடிக்க. ஆரம் 3 செ.மீ., வெளிப்புள்ளி மையத்திலிருந்து 5 செ.மீ. என்றால் தொடுகோடு 4 செ.மீ. வரும், பிதாகரஸ் தேற்றத்தில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நாலு நிமிஷம் ஆனது. உங்களுக்குப் படிகள் அத்தனையும் தெரியும், ஏன் என்பது மட்டும் தெரியாது. வேறு பாடத்துக்காரர் வகுப்பெடுத்தால் பிள்ளைகளுக்கு இல்லாமல் போவது இந்த 'ஏன்'தான். மார்க் போகாது. வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு, அந்தப் பதினாறு மார்க்கைப் படியை மனப்பாடம் செய்தே வாங்கிவிடலாம். ரிசல்ட் தாளில் இந்த நஷ்டம் ஏறாது, அதனால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யாருக்கும் இது உறைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே இயக்க விதிகள், அடுத்தது ஒளியியல். நீங்கள் விலங்கியல். இத்தனை வருடம் நீங்கள் எடுத்த லென்ஸும் மின்தடையும்கூட உங்கள் பாடம் இல்லைதானே? 'அறிவியல்' என்று ஒரே அட்டையைப் போட்டு மூடியதால் யாரும் கேட்கவில்லை. அதை முதல் இரண்டு வருடம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். யாரிடமாவது கேட்டிருப்பீர்கள்.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புக்கு ஒரு வருடம் என்னைப் புவியியல் எடுக்கச் சொன்னார்கள். ஜூன் மாதம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது தமிழ்நாடு மழைமறைவுப் பகுதியில் கிடக்கிறது, நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவமழை என்று புத்தகத்தைப் பார்த்து ராகம் போட்டு வாசித்துக்கொண்டிருக்கிறேன், வெளியே ஓட்டுக் கூரையில் சோவென்று கொட்டுகிறது, என் குரலே எனக்குக் கேட்கவில்லை. ஒரு பிள்ளை ஜன்னலைப் பார்த்தது, அப்புறம் என்னைப் பார்த்தது, அப்புறம் வகுப்பே சிரித்தது. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு என்பது இங்கே பிறந்து நனைந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது வேறு பாடம், தெரியாத பாடத்தில் நம் கண்ணை நாமே நம்ப மாட்டோம், புத்தகத்தைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குவோம்.

சரி, மாட்டேன் என்று சொல்லலாமா என்றால், வாயால் சொல்லாதீர்கள், மனத்தாங்கல்தான் மிச்சமாகும். எழுதிக் கொடுங்கள். இன்ன தேதியிலிருந்து கணக்குப் பணியிடம் காலி, நான் விலங்கியல் படித்தவள், நீங்கள் சொன்னதால் தற்காலிகமாக எடுக்கிறேன், மாவட்டக் கல்வி அலுவலருக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். 'தற்காலிகமாக' என்பதற்கு அடிக்கோடு போடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஹெச்.எம். பாவம், அவர் கையிலும் ஆள் இல்லை. உதவிபெறும் பள்ளியில் நிர்வாகம் ஒருவரை நியமித்தாலும் கல்வித்துறை ஒப்புதல் வந்தால்தான் அரசுச் சம்பளம். அதற்கு முன் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பிள்ளைகளை எண்ணிப் பணியிடம் மிச்சமா குறைவா என்று பார்ப்பார்கள், வேறு பள்ளியில் உபரி ஆசிரியர் இருக்கிறாரா என்று தேடுவார்கள். பணியிட நிர்ணயம் என்று சொன்னாலே பழைய ஆட்கள் வாயில் வருகிற 525, அந்த 1997-ஆம் வருட அரசாணை, தலையை எண்ணித்தான் ஆசிரியரைத் தருகிறது. பிள்ளைகள் குறைந்த பள்ளியில் பாடத்துக்கு ஒருவர்தான், ஒருவர் போனால் அந்தப் பாடமே அநாதை. அமெரிக்காவில் இதை வருடக்கணக்காக ஆராய்ந்த ரிச்சர்ட் இங்கர்சால் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: நன்றாகப் படித்த ஆசிரியரைத் தப்பான வகுப்பில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், நிர்வாகத்துக்கு அது சௌகரியம். தக்கலையில் இருக்கிற உங்களுக்கு இது ஆறுதலா என்று தெரியவில்லை.

ஆள் வரும்வரை என்ன செய்வது? வீடியோ பார்க்கலாம், நல்லதுதான், பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் நம்ம பாடத்திட்டத்துக்கே இருக்கிறது. ஆனால் வீடியோ படியைத்தான் காட்டும், அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் கேட்டதைத் திருப்பிக் கேட்டால் அதற்குக் காது இல்லை. குமரி மாவட்டத்தில் தெருவுக்கு இரண்டு ரிட்டயர்டு வாத்தியார் இருக்கிறார்கள், சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து பேச ஆள் தேடிக்கொண்டு இருப்பார்கள். ஒரு கணக்கு சாரைப் பிடியுங்கள். பிள்ளைகளுக்கு எடுக்கச் சொல்லாதீர்கள், உங்களுக்கு எடுக்கச் சொல்லுங்கள், வாரத்துக்கு ஒரு மணி நேரம், கட்டன்சாயா உங்கள் செலவு. அப்புறம் நாளைக்கே அந்தப் பையனைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நீ கேட்டது எனக்குத் தெரியல மக்கா, விசாரிச்சிட்டு வந்தேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.

ஹெச்.எம். யாராவது இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குப் பயந்து, தேறிய கணக்கு ஆசிரியரை அங்கே போட்டுவிட்டு ஆறு ஏழுக்கு யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களை அனுப்புகிறீர்களே, பின்னமும் குறை எண்ணும் அங்கேதான் கெடுகிறது. தக்கலை டீச்சரைப் பத்தில் போட்டதாவது வெளியே தெரிகிறது. ஆறில் போட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

கேள்வி: என் மகள் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. வரலாறு சார்தான் இங்கிலீஷும் எடுக்கிறார். நாங்கள் கடல் தொழில் செய்கிறவர்கள், எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. போய்க் கேட்டால் பிள்ளையைக் கோபித்துக்கொள்வார்களா?
ஒரு தாய், முட்டம்

பதில்: கேளுங்கம்மா. 2010-லிருந்து நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரை உள்ள பள்ளியில் கணக்கு-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவராவது வேண்டும் என்கிறது. 'மொழி' என்று மொத்தமாகப் போட்டுவிட்டார்கள், தமிழ் ஆசிரியரே இங்கிலீஷையும் எடுத்தால் அந்த அட்டவணைக்கு அது போதும், இது சட்டத்தில் உள்ள ஓட்டை. உங்கள் பள்ளியில் வரலாறு சார் எடுக்கிறார் என்றால் கேட்க நியாயம் இருக்கிறது. தனியாகப் போக வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், உறுப்பினரில் பாதி பெண்கள், அந்தக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேட்கும் விதம் முக்கியம். "அந்த சார் சரியில்லை" என்று ஆரம்பித்தால் சண்டையில் முடியும். "இங்கிலீஷ் பணியிடம் காலியா, எந்த மாதத்திலிருந்து, யாருக்கு எழுதியிருக்கிறீர்கள்" என்று கேட்டுப் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால் 14417-க்குப் போன் போடலாம், பள்ளிக்கல்வித் துறையின் எண்தான். அந்த வரலாறு சாரே உங்கள் பின்னால் நின்று மனதுக்குள் நன்றி சொல்வார்.

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்துவிட்டு ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழ் சார் கணக்கு எடுக்கிறார். சிரிக்கவா அழவா?
அருமனை வாசகர்

பதில்: 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலாவதாக நின்ற மாவட்டம் இது. பி.எட். படித்தவர்கள் கடையிலும் ஆட்டோவிலும், கணக்கு வகுப்பில் தமிழ் சார். வேலை கிடைத்தவர்களும் வட மாவட்டங்களில் இருந்துகொண்டு வருடா வருடம் கலந்தாய்வில் நாகர்கோவில் பக்கம் ஓர் இடம் விழுமா என்று பார்க்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் போடும் ஏற்பாடு 2022-ல் வந்தது, பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று ஆரம்பித்துப் பிறகு கூட்டினார்கள். பத்தாயிரத்துக்கு இங்கே கொத்தனார் பத்து நாள் வேலை செய்தால் போதும். அரசுப் பள்ளியாக இருந்தால், கௌரவம் பார்க்காமல் அந்த ஹெச்.எம்.மிடம் போய் நான் இருக்கிறேன் என்று சொல்லி வையுங்கள், தமிழ் சாருக்காவது விமோசனம்.

கேள்வி: பணியில் இருப்பவர்களும் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ண வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதே, இனி இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே?
களியக்காவிளை வாசகர்

பதில்: தீராது. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதித் தீர்ப்பு தகுதித் தேர்வைப் பற்றியது, டைம் டேபிளைப் பற்றியது இல்லை. இரண்டாம் தாளில் 150-க்கு 60 மார்க்தான் பாடம், அதிலும் கணக்கும் அறிவியலும் கலந்து வரும். நம்ம தக்கலை டீச்சர் அதை நல்ல மார்க்கிலேயே பாஸ் பண்ணிவிடுவார். மறுநாளும் அந்தத் தொடுகோடு அங்கேதான் இருக்கும்.

கேள்வி: மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது? எங்களுக்குக் கணக்கு எடுப்பது பி.டி. சார். கேட்டால், "அது ரூல்லே, ஆஃப்சைடு மாதிரி" என்கிறார்.
ஏழாம் வகுப்பு மாணவன், திற்பரப்பு

பதில்: நல்ல சார்தான், தெரிந்ததை வைத்துச் சொல்லியிருக்கிறார். இப்போது ஒரு தாளில் எழுது. மூன்றை மைனஸ் 2-ஆல் பெருக்கினால் மைனஸ் 6. இரண்டைப் பெருக்கினால் மைனஸ் 4. ஒன்றைப் பெருக்கினால் மைனஸ் 2. பூஜ்யத்தைப் பெருக்கினால் 0. ஒவ்வொரு தடவையும் விடை இரண்டு இரண்டாக ஏறுகிறதா? அடுத்தது மைனஸ் 1, விடை இன்னும் இரண்டு ஏறினால் என்ன வரும்? அதுதான். தாளைக் கொண்டுபோய் சாரிடம் காட்டு. அப்படியே, அவர் கணக்கு எடுக்கும் நேரத்தில் உங்கள் பள்ளியில் விளையாட்டுப் பீரியடை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுது.