ஜென்ட்ரி குடும்பத்தின் கொடிவழி: கேட்டவையும் சொன்னவையும்

இங்கிலாந்தின் நார்விச்சுக்கு வாழ வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சனிக்கிழமைகளில் பழைய உயில்களைப் படித்து அட்டவணை போடும் தொண்டு வேலை செய்கிறேன். ஆங்கிலேய ஜென்ட்ரி குடும்பங்களின் பூர்வீகத்தை எப்படித் தேடுவது என்று பலரும் கேட்டதால், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பதில் சொன்னேன். அவற்றின் தொகுப்பு இது.

ஜென்ட்ரி என்றால் பிரபுப் பட்டம் இல்லாதவர்கள். ஆனால் நிலம் உண்டு, குத்தகை வருமானம் உண்டு, குலச்சின்னம் உண்டு. ஏறக்குறைய நம் பக்கத்து மிராசுதார் மாதிரி. உதாரணத்துக்குப் பெரும்பாலும் நார்ஃபோக் மாவட்டத்து பாஸ்டன் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். 15-ஆம் நூற்றாண்டில் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள் அப்படியே பிழைத்துக் கிடக்கின்றன. அதனால் அவர்கள் சொன்ன பொய்யும் அகப்படும், மெய்யும் அகப்படும்.

கென்ட்டில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்: அக்கா, எங்கள் மாமனார் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்ட கொடிவழி ஒன்று தொங்குகிறது. 1066-இல் வில்லியம் மன்னனோடு வந்த நார்மன் வீரனில் தொடங்குகிறது. நம்பலாமா?

மாமனாரிடம் நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதீர்கள். கீழே இருக்கும் நாலைந்து தலைமுறையை நம்புங்கள், மேலே போகப் போகச் சந்தேகப்படுங்கள். ஹேஸ்டிங்ஸ் போரில் வில்லியம் பக்கம் நின்றவர்களில், அந்தக் காலத்துச் சான்றோடு பெயர் சொல்லக்கூடியவர்கள் சுமார் இருபது பேர்தான். இன்று அவர்கள் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் வீடுகளோ எண்ணி மாளாது.

பாஸ்டன்கள் இதைச் செய்தவர்கள்தான். பெரிய நிலத்தகராறு நடந்த சமயத்தில் எதிராளிகள் இவர்களை 'அடிமைக் குடியானவன் பிள்ளைகள்' என்று கிளப்பிவிட்டார்கள். குடும்பம் பழைய பத்திரங்களையும் ஒரு நீண்ட கொடிவழியையும் தூக்கிக்கொண்டு அரசரிடம் ஓடியது. 1466-இல் நாலாம் எட்வர்ட், 'இவர்கள் நார்மன் வெற்றிக் காலம் தொட்டே கனவான்கள்' என்று சான்று கொடுத்துவிட்டார்.

எதிராளி எழுதி வைத்த ஒரு தாளும் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதில் குடும்பத்தின் மூத்தவர் கிளெமென்ட் பாஸ்டன் சாதாரண உழவர். நூறு, நூற்றிருபது ஏக்கர் நிலம். சேணம் இல்லாத குதிரையில், தானிய மூட்டையைத் தனக்கடியில் போட்டுக்கொண்டு மாவு மில்லுக்குப் போவார். பையனைப் படிக்கவைக்கக் கடன் வாங்கினார். அந்தப் பையன் வில்லியம்தான் 1429-இல் உயர் நீதிமன்ற நீதிபதியானான். பகையாளி எழுதியது என்றாலும், அரசரின் முத்திரை போட்ட சான்றைவிட இந்தத் தாளைத்தான் வரலாற்றாசிரியர்கள் அதிகம் நம்புகிறார்கள். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்த அப்பாவை எதற்கு மறைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கு அது அவமானம்.

திருச்சி, வரலாறு முதுகலை மாணவர்: எங்கிருந்து தொடங்குவது?

இன்றிலிருந்து பின்னோக்கி, தம்பி. பழைய வீரன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவந்தால் வேண்டிய இடத்தில் வேண்டியவரை ஒட்டிக்கொள்ளும் ஆசை வந்துவிடும்.

பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவை அரசே செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1-இல். மக்கள்தொகைக் கணக்கில் எல்லோர் பெயரும் வருவது 1841 முதல். ஆனால் வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தார் என்பதெல்லாம் 1851 முதல்தான். அதற்கு முன்னால் போக பாரிஷ் ரிஜிஸ்டர். ஒவ்வொரு சர்ச்சும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றி மன்னரின் மந்திரி தாமஸ் க்ராம்வெல் 1538-இல் உத்தரவு போட்டார். தொடக்க வருஷங்களின் தாள் ரிஜிஸ்டர்கள் பல போய்விட்டன. 1598-இல் தோல் ஏட்டில் நகலெடுக்கச் சொன்னபோது, பல ஊர்களில் முதல் எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த 1558-இலிருந்து மட்டும் எழுதிக்கொண்டார்கள். 1642-இல் உள்நாட்டுப் போர் தொடங்கி 1660 வரை ஏராளமான ஓட்டைகள். அந்த இடைவெளியில் ஒரு தலைமுறையையே தொலைத்துவிட்டு அழுதவர்கள் பலர்.

மதுரை, வழக்கறிஞர்: 1538-க்கு முன்னால் போகவே முடியாதா?

உங்களுக்குத்தான் இது சட்டென்று புரியும், சார். நீங்கள் ஒரு நிலம் வாங்கித் தரும்போது என்ன கேட்பீர்கள்? மூலப்பத்திரம் எங்கே, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, வில்லங்கம் உண்டா? அதேதான். ஜென்ட்ரி குடும்பத்தில் ரத்தத்தைத் துரத்தாதீர்கள், நிலத்தைத் துரத்துங்கள். குழந்தை பிறந்ததை எழுதாத காலத்திலும் நிலம் கை மாறியதை எழுதாமல் விட்டதில்லை.

அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற ஒருவர் இறந்ததும் அதிகாரி ஒருவர் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிச் சத்தியம் வாங்குவார். என்ன நிலம் இருந்தது, எந்த நாளில் இறந்தார், அடுத்த வாரிசு யார், வாரிசுக்கு என்ன வயது? இந்த மரண விசாரணை ஏடுகள் 13-ஆம் நூற்றாண்டு முதல் 1660 வரை இருக்கின்றன. ஒரே தாளில் அப்பாவின் இறந்த தேதி, பிள்ளையின் பெயர், வயது. இதைவிட என்ன வேண்டும்?

வாரிசு மைனராக இருந்தால் இன்னும் சுவாரசியம். பையனுக்கு 21 வயது முடிந்ததும் அக்கம்பக்கத்தார் வந்து சாட்சி சொல்ல வேண்டும். 'இவன் ஞானஸ்நானத்தன்று நான் குதிரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டேன், அதனால் நினைவிருக்கிறது' என்பார் ஒருவர். 'அன்றுதான் என் மகளுக்குக் கல்யாணம்' என்பார் இன்னொருவர். படிக்கப் படிக்க இனிக்கும். பக்கத்து மாவட்டத்தில், வேறொரு வாரிசுக்கும் அச்சு அசலாக அதே காலை வேறொருவர் ஒடித்திருப்பார்! எழுத்தர்கள் கைவசம் வைத்திருந்த வாய்ப்பாடு அது. பையனின் வயதை எடுத்துக்கொள்ளுங்கள், ஒடிந்த காலை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, கிரயத்தை நீதிமன்றத்தில் ஒரு சமரச வழக்கு போல நடத்திப் பதிவு செய்வது. ஒரே தோலில் மூன்று தரம் எழுதி நெளிநெளியாக வெட்டி, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, அடித்துண்டை நீதிமன்றம் வைத்துக்கொள்ளும். மோசடி என்று யாராவது சொன்னால் நெளிவுகளைப் பொருத்திப் பார்க்கலாம். 12-ஆம் நூற்றாண்டு முதலான அடித்துண்டுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: உயில்களில் உறவுமுறை தெளிவாக இருக்குமா?

இருக்கும், ஆனால் நாம் நினைக்கிற உறவாக இருக்காது, ஐயா. நமக்குச் சித்தப்பா வேறு, மாமா வேறு. பங்காளி வேறு, மைத்துனன் வேறு. 16, 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில உயிலில் 'கசின்' என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம், எட்டாத தூரத்து உறவாகவும் இருக்கலாம். 'பிரதர்' மனைவியின் அண்ணனாக இருக்கலாம். 'நெவ்யூ' சில சமயம் பேரன். 'சன் இன் லா' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மகளைத் தேடி அலையாதீர்கள், மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளையாக இருக்கலாம். 'மிசஸ்' போட்டிருந்தால் கல்யாணமானவர் என்றும் இல்லை, கௌரவமான குடும்பத்துப் பெண் என்றே பொருள்.

உயில்கள் 1858 வரை சர்ச் நீதிமன்றங்களில்தான். ஒன்றுக்கு மேற்பட்ட பிஷப் எல்லைகளில் சொத்து உள்ளவர்கள் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே 1384 முதல் பதிவேடு உண்டு, இன்று கியூவில் இருக்கிறது. டெவன் குடும்பம் என்றால் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். 1942 குண்டுவீச்சில் எக்ஸெடரில் இருந்த உயில்கள் எரிந்துபோயின.

கோவை: ஒரே பெயரில் பலர் வந்தால் எப்படிப் பிரிப்பது?

பாஸ்டன் வீட்டில் ஜான் என்ற அப்பாவுக்கு, ஒரே சமயத்தில் உயிரோடிருந்த இரண்டு மகன்கள், இருவருக்கும் பெயர் ஜான். மூத்தவர் 1442-இலும் இளையவர் 1444-இலும் பிறந்தவர்கள். மூத்த ஜான் 1479-இல் முறையான வாரிசில்லாமல் இறக்க, சொத்து இளைய ஜானுக்கு வந்தது. கடிதங்கள் இல்லாமல் பத்திரங்கள் மட்டும் இருந்திருந்தால், இருவரையும் ஒட்டி ஒரே ஆளாக்கியிருப்போம்.

என் கதையையும் சொல்கிறேன். ஒரு சிறு குடும்பத்துக்காக ஆறு மாதம் உழைத்துக் கொடிவழி வரைந்தேன். ரிஜிஸ்டரின் நகலாக வருஷா வருஷம் பிஷப்புக்கு அனுப்பிய தாள்களைக் கடைசியில்தான் பார்த்தேன். நான் பிடித்து வைத்திருந்த ஆள் மூன்று வயதில் அடக்கமாகியிருந்தான். அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் செய்து வைத்து ஏழு பிள்ளைகளையும் கொடுத்திருந்தேன்! உண்மையான ஆள் அவனுடைய பெரியப்பா மகன். அதிலிருந்து ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் முதலில் அடக்கப் பதிவைத்தான் புரட்டுகிறேன்.

சேலம்: அப்பா அம்மா கல்யாணம் ஜூன் 1640. முதல் குழந்தை பிப்ரவரி 1640. வீட்டுக் கௌரவம் போய்விட்டதே?

போகவில்லை. 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். அந்த பிப்ரவரி ஜூனுக்கு எட்டு மாதம் பின்னால் வருவது. எட்டுதானே என்று கேட்காதீர்கள், அது அவர்கள் பாடு.

பெங்களூரு, மென்பொருள் துறை: குடும்பப் பெயரைக் கொடுத்தால் குலச்சின்னம் அச்சடித்துத் தரும் கடைகள் உண்டே?

கோப்பையில் அச்சடித்துக் காபி குடிக்கலாம், அவ்வளவுதான். சின்னம் பெயருக்குச் சொந்தமில்லை, ஒரு மனிதருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் சொந்தம். சரிபார்க்க ஹெரால்டு எனப்படும் அதிகாரிகள் 1530 முதல் 1688 வரை மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார்கள். அப்போது வீட்டுக்காரர் சொன்ன கொடிவழியையும் எழுதிக்கொண்டார்கள். தாத்தா வரை சரியாக இருக்கும். அதற்கு மேல் அவர் வாய்க்கு வந்ததுதான்.

சின்னத்தில் உருப்படியான செய்தியும் உண்டு. பழைய சர்ச்சுகளில் வைர வடிவப் பலகை தொங்கும். கணவன் சின்னம் பார்ப்பவருக்கு இடப்பாதியிலும், மனைவி சின்னம் வலப்பாதியிலும் இருக்கும். யார் பாதிக்குப் பின்னால் கறுப்போ, அவர் இறந்துவிட்டார். முழுக்கக் கறுப்பென்றால் இருவருமே இல்லை. கல்லறைப் பித்தளைத் தகட்டில் துணி சுற்றிய குழந்தை தெரிந்தால், பிறந்த சூட்டிலேயே போனது. எந்த ரிஜிஸ்டரிலும் பெயர் இல்லாத பிள்ளை அங்கே மட்டும் இருக்கும்.

தஞ்சாவூர்: குடும்பப் பெயரே மாறிவிட்டால்?

அடிக்கடி மாறும். ஆண் வாரிசு இல்லாதவர் சொத்தை எழுதி வைக்கும்போது 'என் பெயரைப் போட்டுக்கொண்டால்தான்' என்று நிபந்தனை வைப்பார். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் அண்ணன் எட்வர்ட் பிள்ளையில்லாத நைட் தம்பதிக்குச் சுவீகாரம் போனார், 1812-இல் நைட் என்று பெயர் மாற்றிக்கொண்டார். சுவீகாரம் எடுத்த நைட்டின் அப்பாவே பிராட்நாக்ஸ் என்று பிறந்து, 1727-இல் மே ஆகி, 1738-இல் நைட் ஆனவர். இரண்டு முறையும் நாடாளுமன்றச் சட்டம் போட்டுத்தான். பெயரை நம்பித் தேடினால் தடம் அங்கேயே அறுந்துவிடும். கென்ட்டில் அவர்களுக்கிருந்த காட்மர்ஷம் எஸ்டேட்டைப் பிடித்துப் போனால் மூவரும் வரிசையில் நிற்பார்கள்.

சென்னை: கோட்டை செயின்ட் மேரீஸ் சர்ச்சில் கல்வெட்டுகள் பார்த்தேன். அவர்கள் குடும்பத்தை இங்கிலாந்தில் தேட முடியுமா?

முடியும், நல்ல இடத்திலிருந்துதான் தொடங்குகிறீர்கள். சொத்து மூத்தவனுக்கு என்பதால், இளையவர்கள் சர்ச்சுக்கோ பட்டாளத்துக்கோ கும்பெனிக்கோ போக வேண்டியிருந்தது. கல்லில் 'இன்ன மாவட்டத்து இன்னார் மூன்றாம் மகன்' என்றிருந்தால் பாதி வேலை முடிந்தது. சென்னை மாகாணத்து ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் 1698 தொடங்கி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கும்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்த பையன்களின் விண்ணப்பங்களோடு ஞானஸ்நானச் சான்றும் இணைந்திருக்கும்.

எதிர்த்திசையிலும் நடந்தது: சென்னையில் சம்பாதித்து இங்கிலாந்தில் நிலம் வாங்கியவர்களும் உண்டு. தாமஸ் பிட் ஒரு பாதிரியார் மகன். 1698 முதல் 1709 வரை ஜார்ஜ் கோட்டை கவர்னர். 48,000 வராகனுக்கு ஒரு வைரம் வாங்கி, 1717-இல் பிரான்சு அரச வீட்டுக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். கார்ன்வாலில் போகனாக் எஸ்டேட்டை வாங்கினார். பேரனும் கொள்ளுப்பேரனும் பிரதமர்கள்.

அதே மென்பொருள்காரர்: டிஎன்ஏ போட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

சில சமயம் புதுக் குழப்பம் தொடங்கும். லெஸ்டரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் 2012-இல் கிடைத்த எலும்பு மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்பதைப் பெண்வழி டிஎன்ஏ உறுதிசெய்தது. ஆண்வழி டிஎன்ஏ, காகிதத்தில் உறவினர் என்றிருந்தவர்களோடு பொருந்தவில்லை. நடுவில் எங்கோ ஒரு தலைமுறையில் அப்பா வேறு. அரச வீட்டிலேயே இப்படி என்றால் உங்கள் கென்ட் மாமனார்களைக் கேட்கவே வேண்டாம்.

திருநெல்வேலி: பாஸ்டன் வம்சம் இன்றும் இருக்கிறதா, அக்கா?

நம்ம ஊர்க் கேள்வி! மூத்த கிளை 1679-இல் யார்மத் ஏர்ல் என்ற பிரபுப் பட்டத்துக்கு உயர்ந்து, 1732-இல் ஆண் வாரிசில்லாமல் முடிந்தது. ஒரு கிளையின் வாரிசுப் பெண்ணை மணந்த ஆக்ஸ்பர்க் மாளிகை பெடிங்ஃபீல்ட் குடும்பம், 1830-இல் பெயரோடு பாஸ்டனையும் சேர்த்துக்கொண்டது.

எனக்குப் பிடித்த கிளை வேறு. அந்த இரண்டு ஜான்களின் தங்கை மார்ஜரி, பாஸ்டன் வீட்டுக் காரியஸ்தரான ரிச்சர்ட் கால் என்பவரைக் காதலித்து, இருவரும் வாய்வார்த்தையாகவே ஒருவரையொருவர் மணந்துகொண்டார்கள். 1469-இல் நார்விச் பிஷப் அவளைக் கூப்பிட்டு, என்ன சொல்லி மணந்தாய் என்று துருவினார். 'அந்த வார்த்தை போதாதென்றால் இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்' என்றாள். கல்யாணம் செல்லும் என்றாயிற்று. அம்மா மார்கரெட் வாசலைச் சாத்திவிட்டார். கொடிவழிக்காரர்கள் இந்த மாதிரி மகள்களைச் சௌகரியமாக விட்டுவிடுவார்கள். ஆனால் 1482-இல் மார்கரெட் எழுதிய உயிலில் ஒரு வரி இருக்கிறது: மகள் மார்ஜரியின் பிள்ளை ஜான் காலுக்கு 20 பவுண்டு.